நாலேகாலுக்கு மேல் மைதானம் யாருக்கு?

திருநெல்வேலிப் பக்கம் பெரிய அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் 'பி.டி. சார்'. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், சுற்றுவட்டத்தில் இருக்கிற ஏகப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறார்கள். வாசல் ஒன்றுதான். எதிரே பஸ் ஸ்டாப். நாலேகாலுக்கு மணி அடித்து கேட்டைத் திறந்துவிட்டால், பஸ் வரும்வரை பிள்ளைகள் எந்தப் பெரியவர் கண்ணிலும் இல்லை. காலையில் வகுப்பில் ஆரம்பித்த முறைப்பும், முந்தின ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறின சாதிப் பாட்டும் கைகலப்பாக மாறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். வகுப்புக்குள் நடக்கிற சண்டையை விட பஸ் ஸ்டாப்பில் நடக்கிற சண்டைதான் ஊருக்குள் போய்ப் பெரிசாகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளியில் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் நிறக்கயிறு கையில் கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், பள்ளிப் பெயரில் சாதி இருக்கக்கூடாது என்று பல பரிந்துரைகள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி மணி அடிக்கும் வரைக்குமான ஏற்பாடு. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி.

அந்த நேரத்துக்கு எல்லாரும் கைவசம் வைத்திருக்கும் மருந்து ஒன்று உண்டு: "பயல்களை விளையாட விடுங்க சார், எல்லாம் சரியாயிரும்." விழா மேடைக்கு வருகிறவர்கள் தவறாமல் சொல்வார்கள். விளையாட்டு தானாக எதையும் சரி பண்ணாது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புப் பையனை வழிமறித்து வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். இங்கே ஊர் டீம் என்றால் பல நேரம் ஒரே தெரு டீம். தெரு டீம் என்றால் ஒரே சாதி டீம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த டீம்களை அப்படியே பள்ளி மைதானத்துக்குள் கூட்டி வந்து மோதவிட்டால், பஸ் ஸ்டாப்பில் நடக்கிற சண்டைக்கு நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

அதனால் மாலை விளையாட்டை விரிவாக்குவது என்றால் முதல் கேள்வி, இப்போது மைதானத்தில் நிற்பது யார் என்பது. பெரும்பாலான பள்ளிகளில் 'ஸ்கூல் டீம்' என்று பத்துப் பன்னிரண்டு பையன்கள் நிற்பார்கள். ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவர்கள், ஜெயித்துக் கொடுப்பார்கள், பிரேயரில் கைதட்டு வாங்குவார்கள். மீதிப் பேருக்கு விளையாட்டு என்பது பி.டி. பீரியட். அதையும் பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு பேரை இன்னும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளி இருக்கும் ஊர்க்காரர்கள், அல்லது வீட்டில் பைக் இருக்கிறவர்கள். ஏன்? பஸ். உள் கிராமத்துப் பையனுக்கு நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான். அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடியாக வேண்டும். எந்த ஊருக்குச் சாயங்காலம் பஸ் இல்லையோ அந்த ஊர்ப் பிள்ளைகள் டீமில் இல்லை. யாரும் யாரையும் ஒதுக்க வேண்டியதே இல்லை, கால அட்டவணையே ஒதுக்கிவிடுகிறது. திறமை தேடுகிறேன் என்று கிளம்புகிற பி.டி. ஆசிரியர்கள் முதலில் பஸ் டைம் எழுதி வைத்த நோட்டு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். எந்தத் தடத்தில் கடைசிப் பஸ் எப்போது, அதில் மாணவர் பாஸ் செல்லுமா, கண்டக்டர் ஏற்றிக்கொள்வாரா என்று எல்லாம்.

அடுத்தது வயிறு. சத்துணவு பன்னிரண்டரை, ஒரு மணிக்கு. நாலரை மணிக்கு ஓடச் சொன்னால் அரை மணியில் தலை சுத்துது என்று உட்காருகிறார்கள். பசியில் இருக்கிற பையனுக்குக் கோபமும் சீக்கிரம் வரும், இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. களக்காடு, ஏர்வாடி, நாங்குநேரி வட்டாரத்தில் வாழைக்கா பஞ்சம்? தார் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், போய்க் கேட்கத்தான் ஆள் வேண்டும். வாழைப்பழம் ஒருநாள், அவித்த தட்டாம்பயறு ஒருநாள், கடலை மிட்டாய் ஒருநாள். இதை 'ஊக்கப்பரிசு' என்று ஸ்கூல் டீமுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அன்றைக்கு மைதானத்துக்கு வந்த எல்லாருக்கும், ஒரே வரிசையில்.

சரி, வந்தாயிற்று, சாப்பிட்டாயிற்று. யாரோடு யார் ஆடுவது? இங்கேதான் ஆசிரியர் கை வைக்க வேண்டும். "நீங்களே டீம் பிரிச்சுக்கோங்கலே" என்று விட்டால் இரண்டு நிமிஷத்தில் ஊர்வாரியாகப் பிரிந்து நிற்பார்கள். பிறந்த மாதத்தை வைத்தோ வருகைப் பதிவேட்டு எண்ணை வைத்தோ பிரியுங்கள். சீட்டுக் குலுக்கலும் நல்லதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. கேப்டன் வாரம் ஒருத்தர். அணிக்கு ஊர்ப் பெயர் வேண்டாம், தலைவர் பெயர் வேண்டவே வேண்டாம். பனியன் யாராவது இலவசமாகத் தருகிறேன் என்று வந்தால் முதுகில் என்ன அச்சடிப்பார், என்ன நிறம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் பக்கம் இரண்டு நிறம் சேர்ந்தாலே அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும். வெள்ளைப் பனியன் அழுக்காகும்தான், ஆகட்டும்.

கபடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையன்கள் தானாக வருவது அதற்குத்தான். கபடியில் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், செயின், கயிறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. இது பள்ளிக்கூட விதி இல்லை, ஆட்டத்தின் விதி. அசெம்பிளியில் "கயித்த அவுருல" என்று சொன்னால் முறைக்கிற பையன், கோட்டுக்குள் இறங்கும்போது யாரும் சொல்லாமலே கழற்றிப் பையில் போடுகிறான். ஆட்டம் முடிந்து மறுபடி கட்டிக்கொள்கிறவனும் உண்டு. கட்டட்டும். ஒன்றரை மணி நேரம் வெறுங்கையோடு இருந்தானே, எனக்கு அதுபோதும்.

அப்புறம் பிடி. கோட்டுக்குள் ஏழு பேர். ஓரத்தில் நிற்கிற 'கார்னர்' ஆட்டக்காரனும் அவனுக்கு அடுத்து 'இன்' இடத்தில் நிற்பவனும் கை கோர்த்துத்தான் நிற்க வேண்டும், எதிரணியிலிருந்து ரைடர் பாடி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்தே அசைய வேண்டும். குலுக்கலில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை அப்படி நிறுத்திப் பாருங்கள். முதல் சில நாள் உள்ளங்கையைக் கோக்க மாட்டார்கள், விரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார்கள். ரைடர் ஒரு திரும்பு திரும்பினால் பிடி விட்டுப் போகும், பாயின்ட் போகும். கார்னர் துணிந்து கணுக்காலைப் பிடித்துவிட்டு, உள்பக்கம் 'கவர்' இடத்தில் நிற்பவன் துணைக்கு வந்து விழவில்லை என்றால் பிடித்தவன் வெளியே. யாரும் உபதேசம் பண்ண வேண்டியதில்லை, பாயின்ட் போகப் போகத் தானாக மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க ஆரம்பிப்பார்கள். இதனால் சாதி போயிற்றா என்றால், போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் இன்னமும் அவரவர் கூட்டத்தோடுதான் நிற்கிறார்கள். ஆனால் தள்ளுமுள்ளு ஆரம்பிக்கும்போது, "ஏலே விடுல, அவன் நம்ம லெப்ட் கார்னர்ல" என்று கையைப் பிடித்து இழுத்துப் போக ஒருத்தன் இருக்கிறான். முன்பு அப்படி ஒருத்தன் இல்லை.

கபடி மட்டும் போதாது. உடம்பு வாகு இல்லாத பையன் அதில் ஓரமாக நின்றே வருஷத்தை ஓட்டிவிடுவான். கோ-கோவுக்கு இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும் இருந்தால் தீர்ந்தது. ஒல்லியான, குட்டையான பிள்ளைகள்தான் அதில் ராஜா. எறிபந்து, வளையப்பந்து, சிலம்பம், மர நிழலில் கேரம், சதுரங்கம் என்று அகலப்படுத்திக்கொண்டே போகலாம். எந்த ஆட்டத்திலும் வராத பையன் இருப்பான். அவனை ஸ்கோர் எழுதவும் விசில் ஊதவும் பழக்குங்கள், நடுவராக நிற்கிறவனிடம் சண்டைக்காரர்களும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் அதிகம் கேட்கும் வசனம், "பொட்டப்புள்ளய இருட்டுன பொறகு எப்படி சார் விடுறது?" அந்த அம்மாவிடம் நான் வாதாடுவதில்லை, அவர் கேட்பது நியாயம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அதனால் பெண்களுக்கு முதல் ஷிப்ட், ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் அவர்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போக்குவரத்தில் கொஞ்சம் வசதிதான். உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி விட்டதும் துப்புரவுப் பணியாளர் கழிப்பறையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமலே இந்த வெயிலில் ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நாட்களில் கேட்கவே வேண்டாம், வர மாட்டார்கள். புதுப் பந்து வாங்குவதற்கு முன்னால் அந்தச் சாவிக்கு இன்னொரு சாவி வெட்டி ஓர் ஆசிரியையிடம் கொடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. மாலை நேரத்தில் மைதானத்தில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகள் ஆடும்போது அதில் ஒருவர் ஆசிரியை. வெளியிலிருந்து கோச் வருகிறார் என்றால் போலீஸ் சரிபார்ப்பு முடித்து, தலைமை ஆசிரியர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான். எந்தப் பிள்ளையோடும் தனியாக நிற்பது, தனிப்பட்ட எண்ணில் மெசேஜ் அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டையும் மைதானச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். கணுக்கால் பிசகினால் தைலம் போட்டு நீவிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அன்றைக்கு அதைச் செய்யக்கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், காலைத் தூக்கி வைத்து ஓய்வு. தலையில் அடிபட்டவனை "ஒண்ணுமில்ல எந்திரி" என்று அன்றே மறுபடி இறக்காதீர்கள். வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் என்றால் 108தான்.

காவல் சிறார் மன்றம் மூலம் போலீஸ்காரர்கள் விளையாட்டுப் பயிற்சிக்கு உதவ முன்வருவது உண்டு. நல்ல விஷயம். ஒரே ஒரு வேண்டுகோள், யூனிஃபார்மில் வராதீர்கள். லத்தியைப் பார்த்ததும் பாதிப் பையன்கள் சுவரேறிக் குதித்துவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றி எல்லாரும் முதலில் பேசுவார்கள், நான் கடைசியில் பேசுகிறேன். சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்களுக்கென்று ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. கபடி மேட் வாங்க அது காணாது. வலை, பந்து, சுண்ணாம்பு, முதலுதவிப் பெட்டிக்குத் தாராளமாகப் போதும். மண் தரையிலேயே ஆடலாம், கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்தால் சரி. பணத்தைவிடப் பெரிய பற்றாக்குறை ஆள். ஒரே ஒரு பி.டி. ஆசிரியர் தினமும் ஆறரை வரை நின்றால் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடுவார். தியாகத்தை நம்பித் திட்டம் போடக்கூடாது. முன்னாள் மாணவர்கள், மற்ற ஆசிரியர்கள் என்று முறை வைத்து வாரம் மூன்று நாள் நடத்துங்கள். ஐந்து நாள் என்று அறிவித்துவிட்டு ஆடி மாதத்தோடு நிறுத்துவதைவிட, மூன்று நாள் வருஷம் முழுக்க நடப்பது மேல்.

"விளையாடி என்னத்த கிழிக்கப் போறான்?" என்று கேட்கிற அப்பாக்களுக்குச் சொல்லப் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், கல்லூரியில் விளையாட்டு இடங்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசன் நம் தாமிரபரணிக் கரைக்காரர்தான். ஆனால் இதை நான் அளவோடுதான் சொல்வேன். ஆசை காட்டிக் கூட்டி வந்த பையன் மாவட்ட அளவில் தோற்றதும் நின்றுவிடுவான். ஆயிரத்தில் ஒருவர் ஹிரோஷிமா போகலாம். மீதிப் பேர் சாயங்காலம் ஆடிவிட்டுப் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும், எனக்கு அந்தக் கணக்குத்தான் பெரிசு.

போட்டி வைத்தால் வெளி ஊர்க் கூட்டம், மேளம், பைக் ஊர்வலம், பேனர் எதுவும் வேண்டாம். ஜெயித்த படத்தைப் பள்ளி மட்டும் போடட்டும், இரண்டு அணியும் கலந்து நிற்கிற படமாக.

பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் மாலை பஸ்ஸுக்குத் தீர்மானம் போட்டு, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனுக் கொடுங்கள். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. 'மாணவர் நலன் கருதி' என்று மட்டும் எழுதினால் ஃபைலில் தூங்கும். தடம் எண், இப்போது பஸ் போகும் நேரம், எந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும், எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் இறங்குவார்கள் என்று பட்டியல் வையுங்கள். புது பஸ் கேட்காதீர்கள், இருக்கிற பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விடச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதால் மனு ஜூனிலேயே போக வேண்டும்.