கொரோனாவில் போனவர்களுக்காக இன்னும் அழாதவர்கள்

"நெஞ்சு படபடக்குது, ராத்திரி மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்ல" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கொரோனா நேரத்தில் வீட்டில் யாராவது தவறிட்டாங்களா? ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்து, எல்லாமே நார்மல் என்ற ஃபைலோடு வருகிறவர்கள்தான் இவர்களில் அதிகம். சிலர் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். சிலர், "அது ஆச்சு வருஷக்கணக்கு, அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்" என்பார்கள்.

மும்பையில் தாராவிக்குப் பக்கத்தில் மனநல மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். தாராவியில் முதல் தொற்று உறுதியானது 2020 ஏப்ரல் 1 அன்று. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேர், எல்லோருக்கும் பொதுக் கழிப்பறை, இதில் தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்னால் எங்கே போவது? இதையெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒழுங்காகத் துக்கம் நடக்காமல் போன வீடுகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் என்னென்ன நடக்கும்? நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, கோடி போட்டு, கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, அப்புறம் பதினாறு நாளும் துட்டி கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிற ஒவ்வொருவரும் "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்பார்கள், வீட்டுக்காரி முதலிலிருந்து சொல்லி அழுவாள், அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. சலிப்பாகத் தெரியும் இந்தக் காரியம் உண்மையில் பெரிய வேலை செய்கிறது. நீடித்த துக்கத்துக்கு நாங்கள் கொடுக்கும் சிகிச்சையிலும் இறப்பு நடந்த விதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது முக்கியமான பகுதி. பெருந்தொற்றில் இது மொத்தமும் அறுந்துபோனது. இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது, ஊருக்குக் கொண்டுபோக முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்கூட வாசலில் நின்று எட்டிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, உடலை வைத்திருக்கும் பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினருக்குக் கடைசியாக ஒருமுறை காட்டலாம், உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம் என்று இருந்தது. நெரிசலிலும் பயத்திலும் எத்தனையோ பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், இட்லி மாவு அரைத்து விற்கிறார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 2021 இரண்டாம் அலையில் கணவர் ஆஸ்பத்திரியில், இவர் தனிமைப்படுத்தும் முகாமில். திரும்பி வந்தபோது வீட்டில் கணவரின் போனும் ஒரு சான்றிதழும்தான் இருந்தன. அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிறார். "நான் அவுகளப் பொணமாப் பாக்கலியே மேடம், எப்படி நம்ப?" என்றார். சுடுகாட்டுக்குப் போன மகனோ அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை, அம்மா தாங்க மாட்டாள் என்று. இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஐயாவுக்கு என்னல உடுத்தியிருந்தாவ?" என்பதுதான். தெரியாது, பெயர் ஒட்டிய பையை மட்டும்தான் பார்த்தேன் என்று மகன் உள்ளதைச் சொன்னான். அன்றைக்குத்தான் இருவரும் ஒன்றாக அழுதார்கள். அப்புறம் ஊருக்குப் போய்க் கருமாதி செய்தார்கள். "இத்தனை வருஷம் கழிச்சு என்னத்துக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர்களும் இருந்தார்கள், பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்ததும் அவர்கள்தான், சரி அது கிடக்கட்டும். படபடப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் தூக்கம் வர ஆரம்பித்தது.

எல்லாத் துக்கமும் நோயில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 நோய் வகைப்பாட்டின்படி, குறைந்தது ஆறு மாதம் கடந்தும் ஏக்கமோ போனவரைப் பற்றிய நினைப்போ விடாமல் பிடித்துக்கொண்டு, அவரவர் சமூகத்தில் வழக்கமான துக்க காலத்தையும் தாண்டிப்போய், அன்றாட வேலையே நடக்காத அளவுக்கு இருந்தால்தான் அது நீடித்த துக்கக் கோளாறு. கூடவே மனச்சோர்வு இருந்தால் மாத்திரை அதற்கு உதவும், ஆனால் துக்கத்தை மாத்திரை மட்டும் ஆற்றாது. தூக்கத்துக்கென்று மெடிக்கலில் சும்மா கேட்டு அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒரு டாக்டரைப் பாருங்கள். சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், அப்புறம் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

"நாந்தான் வேலைக்குப் போயி கொண்டாந்து ஒட்ட வச்சேன்" என்று உள்ளுக்குள் புழுங்கும் பிள்ளைகள் இன்னொரு கூட்டம். அப்படியெல்லாம் இல்லை என்று உடனே வாயை அடைக்காதீர்கள், முழுக்கச் சொல்ல விடுங்கள். யார் மூலமாக யாருக்கு வந்தது என்று அந்த நெரிசலில் எவராலும் சொல்லியிருக்க முடியாது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

தள்ளிப்போன சடங்கைச் செய்ய இப்போதும் தடையில்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போக முடியாதவர்கள் இங்கேயே வால்கேஷ்வர் பாண்கங்கா குளத்தில் திதி கொடுக்கிறார்கள், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டு அவரைப் பற்றிப் பேசினாலும் போதும்.

"அவரோடயே நானும் போயிருக்கலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அழைத்து வாருங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.