ஆர் எப்போதும் எஸ் ஆகாது: வினைவழிமுறை வரைவதில் கவனிக்க வேண்டியவை

வினைவழிமுறையில், அதாவது ஒரு வேதிவினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று காட்டும் படத்தில், முதலில் பார்க்க வேண்டியது எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்பின் வால். அது எலக்ட்ரான் இணை இருக்கும் இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும்: தனித்த இணை, பை பிணைப்பு, இல்லையென்றால் உடையப்போகும் சிக்மா பிணைப்பு. புரோட்டானிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரானே இல்லை. அதிலிருந்து அம்பு போட்டால் அதன் பிறகு வருவதெல்லாம் கோணல்தான். ஒவ்வொரு படியின் முடிவிலும் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்துவிட்டதா, இரு பக்கமும் மொத்த மின்சுமை சமமா என்று பாருங்கள்.

அடுத்த சறுக்கல் எஸ்என்2 வினையில், அதாவது புதிய தொகுதி புகும் அதே படியில் பழைய தொகுதி விலகும் வினையில். கார்பனைச் சுற்றியுள்ள நான்கு தொகுதிகளை முன்னுரிமைப்படி வரிசையிட்டு, கடைசியானதைப் பின்னால் வைத்துப் பார்க்கும்போது, முதல் மூன்றும் கடிகாரத் திசையில் போனால் ஆர், எதிர்த் திசையில் போனால் எஸ். (ஆர்)-2-புரோமோபியூட்டேனை ஐதராக்சைடு தாக்கினால் (எஸ்)-2-பியூட்டனால் கிடைக்கும். புரோமின் விலகும் பக்கத்துக்கு நேர் எதிரிலிருந்து தாக்குதல் வருவதால் அமைப்பு தலைகீழாகிறது. இதை வைத்து ‘எஸ்என்2 என்றாலே ஆர், எஸ் ஆகும்’ என்று பலர் உருப்போட்டுவிடுகிறார்கள். தவறு. (ஆர்)-மெத்தில் 2-புரோமோபுரோப்பனோயேட்டில் சயனைடு புகுந்தால் விளைபொருளும் ஆர்தான். அமைப்பு இங்கும் தலைகீழாகத்தான் ஆனது. ஆனால் முன்பு முதலிடத்தில் புரோமின், இரண்டாமிடத்தில் எஸ்டர். இப்போது மூன்று ஆக்சிஜன் கணக்குள்ள எஸ்டர், மூன்று நைட்ரஜன் கணக்குள்ள சயனைடை முந்திவிடுகிறது (இரட்டைப் பிணைப்பில் உள்ள அணுவை இருமுறையும், மும்மைப் பிணைப்பில் உள்ளதை மும்முறையும் எண்ண வேண்டும்). வரிசையும் மாறியதால் குறியீடு பழையபடியே நிற்கிறது. எனவே முதலில் முப்பரிமாணப் படம், பிறகு அணு எண்படி முன்னுரிமை, கடைசியில்தான் பெயர்.

கடைசி முன்னுரிமைத் தொகுதி, பெரும்பாலும் ஐதரஜன், தடித்த ஆப்புக் கோட்டில் (நம்மை நோக்கி வரும் பிணைப்பில்) இருந்தால் கிடைத்த விடையைத் திருப்பிப் போட வேண்டும். பிணைப்புகளைச் சிலுவைபோல் தட்டையாக வரையும் ஃபிஷர் படத்தில் கிடைக்கோட்டில் இருந்தாலும் அப்படியே. ஃபிஷர் படத்தைத் தாளிலேயே 180 பாகை சுற்றலாம். 90 பாகை சுற்றினால் எதிர் உருவம் வந்துவிடும். இரண்டு படங்கள் ஒரே மூலக்கூறா, இனான்ஷியோமர்களா (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான, ஒன்றோடொன்று பொருந்தாத மூலக்கூறுகளா) என்ற குழப்பம் வந்தால் ஒரே கைரல் மையத்தில் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் உள்ள கார்பனில்) தொகுதிகளை இடம் மாற்றிப் பாருங்கள். ஒற்றைப்படை மாற்றத்தில் பொருந்தினால் இனான்ஷியோமர், இரட்டைப்படையில் பொருந்தினால் அதே மூலக்கூறு. இரண்டு கைரல் மையங்கள் இருக்கும்போது மீசோவை, அதாவது கைரல் மையங்கள் இருந்தும் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தும் மூலக்கூறை, மறக்க வேண்டாம்: டிரான்ஸ்-2-பியூட்டீனுடன் புரோமின் சேர்ந்தால் மீசோ, சிஸ் என்றால் சுழிமாய்க் கலவை (இரு இனான்ஷியோமர்களும் சம அளவில் உள்ள கலவை).

ஆர், எஸ் குறியீட்டை வைத்து ஒளி எந்தப் பக்கம் சுழலும் என்று ஊகிக்க முடியாது. (எஸ்)-லாக்டிக் அமிலம் வலஞ்சுழி. அதன் சோடியம் உப்பு இடஞ்சுழி. கைரல் கார்பனில் ஒரு பிணைப்புகூட உடையவில்லை. சுழற்சியைக் கருவியில் அளந்துதான் எழுத வேண்டும்.