நோ-டோ செய்திப்படங்களில் வகுப்பறையைத் தேடுபவர்களுக்கு

ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்காலப் பள்ளிகளை ஆராய வரும் மாணவர்கள் பலர் முதலில் எடுப்பது நோ-டோ செய்திப்படங்களைத்தான். 1943 ஜனவரியில் திரைக்கு வந்து, 1975 வரை நாட்டின் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்ட அரசுச் செய்திப்படம் அது. இன்று அந்தத் தொகுப்பை இணையத்திலேயே பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதை அந்தக் கால வகுப்பறையின் நேரடிப் பதிவாகவே எடுத்துக்கொண்டு எழுதும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது.

கல்வி வரலாற்று வகுப்பில் நான் இந்தப் படங்களை முதல் முறை ஒலியில்லாமல்தான் போடுவேன். ஒரு பள்ளித் திறப்பு விழா என்று வையுங்கள். கார் வந்து நிற்கிறது, அதிகாரிகள் இறங்குகிறார்கள், ஆயர் கட்டடத்துக்கு ஆசி வழங்குகிறார், பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கேமரா யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஆசிரியர் பாடம் நடத்துவது தெரிகிறதா? ஏதாவது ஒரு பிள்ளை கேள்வி கேட்கிறதா? அப்புறம் ஒலியோடு இன்னொரு முறை. அதில் பேசுவது பெரும்பாலும் பின்னணிக் குரல்தான். பிள்ளைகள் பூரித்துப்போனதாக அந்தக் குரல் சொன்னால், அவர்கள் முகத்தில் அது இருக்கிறதா என்று அப்போதுதான் தேடத் தோன்றும்.

பக்கத்தில் 1945-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமும் இருக்க வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனியே படிக்க வைத்த சட்டம் அது. பெண்களை முக்கியமாக வீட்டு வாழ்க்கைக்கும் கைவினைக்கும் தயார்படுத்தச் சொன்னது. அதை வாசித்தவருக்குத் தையல் வகுப்புக் காட்சி வெறும் தையலாகத் தெரியாது.

தொழிற்கல்விக்காக ஃபிராங்கோ ஆட்சியில் எழுந்த, கிஹோன் நகரின் தொழிலாளர் பல்கலைக்கழகம் போன்ற பிரம்மாண்டக் கட்டடங்கள் பிரசாரத்துக்கு வாகானவை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியர்கள் அப்படி இல்லை. உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, 1936 நவம்பரில், ஆசிரியர்களின் அரசியலையும் மதப்பற்றையும் விசாரிக்க ஃபிராங்கோ தரப்பில் குழுக்கள் போடப்பட்டன. பலர் வேலை இழந்தார்கள், பலர் தொலைவான ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஸ்பெயினின் வட்டார மொழிகளான காட்டலானும் பாஸ்க்கும் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டன. இதற்கெல்லாம் அல்கலா தே எனாரெஸ் நகரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தின் விசாரணைக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.

1960-களில் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். ஆய்வு செய்பவர்கள் அவர்களிடம் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்யுங்கள்.