பழைய ரிகர்வ் வில்லின் நுனியில் என்ன நடக்கிறது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “1960களில் செய்த ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. 28 அங்குலத்தில் 45 பவுண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. நண்பரின் நேரான வில்லும் அதே 45 பவுண்டுதான். ஆனால் அதே அம்பு என் வில்லில் இன்னும் வேகமாகப் போகிறது. எழுதியிருப்பது தப்பா?”

தப்பில்லை. நாணை 28 அங்குலம் வரை இழுத்து நிறுத்தும்போது விரல்கள் தாங்கும் விசைதான் அந்த 45 பவுண்டு. அந்த இடத்துக்கு வந்து சேரும் வழியில் எவ்வளவு விசை இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது. அம்புக்குப் போவதோ வழி முழுக்கச் சேர்த்த ஆற்றல்.

பள்ளியில் படித்ததுதான்: விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வேலை. 45 பவுண்டு என்பது ஏறக்குறைய 200 நியூட்டன். 28 அங்குலம் பிடியிலிருந்து அளப்பது. நாண் முதலிலேயே பிடியிலிருந்து தள்ளி நிற்பதால் அது பின்னால் வரும் தூரம் குறைவு, அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை சுழியிலிருந்து சீராக ஏறினால் வரைபடத்தில் முக்கோணம் வரும். அதன் பரப்பு 50 ஜூல். கடைசிப் புள்ளி 200இலேயே இருக்க வேண்டும், பரப்பும் கூட வேண்டும் என்றால் ஒரே வழி, கோடு நடுவில் மேல்நோக்கிப் புடைக்க வேண்டும். ரிகர்வ் வில் அதைத்தான் செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத விஷயம்.

நாண் கழற்றிய நிலையில் இதன் நுனிகள் வில்லாளியை விட்டு விலகி முன்பக்கமாக வளைந்திருக்கும். நாணேற்றவே அவற்றை வெகுதூரம் பின்னால் கொண்டுவர வேண்டும். அதனால் வில் ஏற்கெனவே நன்றாக முறுக்கேறி நிற்கிறது. இழுக்கத் தொடங்கிய முதல் சில அங்குலத்திலேயே விரலில் கனம் தெரியும். இது பாதிக் கதை.

மீதிக் கதை நுனியில். நாணேற்றிய வில்லைப் பக்கவாட்டில் பாருங்கள். நாண் நுனியிலிருந்து நேராகப் புறப்படுவதில்லை. வளைந்த பகுதியின் மேல் கொஞ்ச தூரம் ஒட்டிப் படுத்திருந்து, அப்புறம்தான் விலகுகிறது. படுத்திருக்கும் வரை அதற்கு அப்பால் உள்ள நுனிக்கு வேலையே இல்லை. வில் தன் அளவை விடக் குட்டையான வில்லாக நடந்துகொள்கிறது. மெதுவாக இழுங்கள். நாணுக்கும் வில்லுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று திறக்கும். இழுக்க இழுக்க அது நுனியை நோக்கி நீளும். நாண் வில்லிலிருந்து உரிந்துகொண்டே போகிறது.

கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கடினம், ஓரத்தில் தள்ளினால் சுலபம், இல்லையா? இங்கே வில் அதிகம் வளையாத தொடக்கத்தில் நாண் கீலுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறது. வில் நன்றாக வளைந்து எதிர்ப்பு கூடும் நேரத்தில் பிடி ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. முதலில் கனம், கடைசியில் தளர்வு. நேரான வில்லில் கடைசி அங்குலங்களில் விசை திடீரென்று எகிறக்கூடும். இதில் அது பெரும்பாலும் இல்லை. வரைபடத்தில் புடைப்பு வந்துவிட்டது. எந்த உருளையும் கம்பியும் இல்லாமல் ஒரு வளைவு மட்டுமே இதைச் செய்கிறது!

இந்த வளைவு ஆசியப் புல்வெளிக் குதிரைவீரர்களிடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. அழுத்தம் தாங்க உட்புறம் கொம்பு, இழுவை தாங்க வெளிப்புறம் விலங்கின் தசைநார், நடுவே மரம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் தகடு ஒட்டி, நடுவே மேப்பிள் மரம் வைத்தார்கள். தத்துவம் அதேதான்.

அதற்கு முன்பே 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் வில்லின் இயக்கத்தைக் கணிதமாக்கி, உருண்ட குறுக்குவெட்டை விடத் தட்டையான செவ்வகமே நல்லது என்று காட்டினார். அவர் வேலை பார்த்தது பெல் ஆய்வுக்கூடத்தில். வில் அவருடைய சொந்த ஆர்வம். ‘இதனால் என்ன பயன்’ என்று முதலிலேயே கேட்கும் நிதிக் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹிக்மன் நினைவுக்கு வருவார். இப்படிப்பட்ட ஆர்வங்களுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

1969இல், உருளையும் கம்பியும் வைத்து இயங்கும் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது வேட்டைக்காரர்களின் கைக்குப் போக, ரிகர்வ் வில்கள் பரணுக்குப் போயின. இன்று சேகரிப்பவர்கள் தேடுவது அவற்றைத்தான். அமெரிக்க வில் தயாரிப்பாளர் ஃப்ரெட் பியரின் நிறுவனம் 1959 முதல் பிடியில் பதித்த சிறு உலோகப் பதக்கத்தைப் பார்த்தே காலத்தைக் கணிப்பவர்கள் உண்டு.

பழைய வில் ‘களைத்துப் போயிருக்கும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெறும் மரவில்லுக்கு அது பொருந்தும். கண்ணாடி இழை வில்லை நம்பிக்கையால் எடை போட வேண்டாம். தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள், எண் தெரிந்துவிடும். நான் அதிகம் பயப்படுவது வெப்பத்துக்குத்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் பசை இளகி, அடுக்குகள் பிரியலாம்.

வாங்கியவுடன் இழுத்துவிடாதீர்கள். ஓரங்களில் பஞ்சை மெல்ல ஓட்டுங்கள். சிம்பு எழுந்திருந்தால் இழை மாட்டும். குறுக்கே ஓடும் விரிசல் இருந்தால் அந்த வில் சுவருக்குத்தான். அப்புறம் அதற்கென்று இருக்கும் கயிற்றால் நாணேற்றுங்கள். காலுக்கிடையில் கொடுத்து வளைத்தால் நுனி முறுக்கிக்கொள்ளும். நாண் டேக்ரானாக (ஒரு வகை பாலியெஸ்டர் இழை) இருக்கட்டும். அது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத புது நாண்கள் பலப்படுத்தாத பழைய நுனியை உடைத்துவிடலாம். அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது. சேர்த்த ஆற்றல் முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பும்.

கடைசியாக ஒரு நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்து நீளவாக்கில் பாருங்கள். நாண் இரண்டு நுனிகளிலும் நட்டநடுவே படுத்திருந்தால் முறுக்கு இல்லை. இனி மெதுவாக இழுக்கலாம். வெளிச்சக் கோடு மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.