டூ விடுவது சுலபம், பழம் விடுவதுதான் கஷ்டம்

இணையத்தால் பிள்ளைகளின் நட்பு கெடுகிறது என்று சொல்லும் பெற்றோர் பலரும் முகம் தெரியாத ஆட்களை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வடசென்னையில் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டால் கதை வேறு. சண்டை போட்டவன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். ஒரே ட்யூஷன், ஒரே பஸ் ஸ்டாப், ஆனால் மாதக்கணக்கில் பேச்சு கிடையாது. முன்பெல்லாம் இந்த வயதுச் சண்டை சீக்கிரம் ஆறியது. சாட்சிகள் குறைவு, பதிவு எதுவும் இல்லை, மறுநாள் சாயங்காலம் கேரம் ஆட நாலாவது ஆள் வேண்டியிருந்தது.

இப்போது எப்படி முற்றுகிறது என்று பாருங்கள். வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்ச். குரூப்பில் போடாமல் சில பேருக்கு மட்டும் தனியாகச் சொல்லி ஆடிவிட்டார்கள். விடுபட்டவன் ராத்திரி இன்ஸ்டா ஸ்டோரியில் அதைப் பார்க்கிறான். நேராகக் கேட்க மனசு வரவில்லை. “கூட இருந்தே குழி பறிக்கிறாங்க” என்று சாடையாக ஸ்டேட்டஸ் வைக்கிறான். அவன் நினைத்தது ஒருவனை, ஆனால் நாலு பேர் தன்னைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் இன்னொரு குரூப்புக்குப் போகிறது. அது இவனைத் தவிர மற்ற எல்லாரும் இருக்கிற குரூப். (ஒவ்வொரு செட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.) அங்கே இவனைக் கலாய்த்ததை ஒருவன் பாவம் பார்த்து இவனுக்கே அனுப்பிவைக்கிறான். பாவம் பார்ப்பவனால்தான் பல சண்டைகள் பெரிதாகின்றன.

இவன் குரூப்பை விட்டு விலகுகிறான். முன்பு யார் விலகினாலும் எல்லாருக்கும் தெரியும், யாராவது “மச்சி, என்னாச்சு?” என்று போன் போடுவான். 2022இல் வாட்ஸப் அதை மாற்றியது. இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். கடந்த 60 நாளில் விலகியவர்களின் பட்டியல் குரூப் விவரத்தின் அடியில் இருக்கிறது, அதுவரை போய் யார் பார்க்கிறார்கள்? ‘ஒருத்தனும் கேட்கவில்லையே’ என்று இவன் வெந்து போகிறான். அங்கே பாதிப் பேருக்கு இவன் விலகியதே தெரியாது.

இதில் ரீசார்ஜுக்கும் பங்குண்டு. 28 நாள் பேக் முடிந்து, வீட்டில் பணம் வருகிறவரை போன் சும்மா கிடக்கும். தினசரி டேட்டா கிரிக்கெட் மேட்ச்சிலேயே தீர்ந்துவிட்டால் அப்புறம் படம், வீடியோ எதுவும் திறக்காது. பல வீடுகளில் அம்மா, அக்கா, தம்பி மூவருக்கும் ஒரே போன். தம்பி கேம் ஆடும்போது மெசேஜைத் தட்டிவிட்டால் ப்ளூ டிக் விழும், பதில் போகாது. அனுப்பியவனுக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. ஒற்றை டிக் என்றால் மெசேஜ் இன்னும் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். அதையே ‘பிளாக் பண்ணிட்டான்’ என்று எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம்.

இன்னொரு ஆபத்து ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக், அதாவது இரண்டு பேர் விடாமல் தொடர்ந்த நாட்களின் எண்ணிக்கை. அது அறுந்துவிடாமல் இருக்க 24 மணி நேரத்துக்குள் இருவரும் ஆளுக்கொரு ஸ்னாப் (படமோ வீடியோவோ) அனுப்ப வேண்டும், எழுத்து மெசேஜ் கணக்கில் வராது. பரீட்சை நேரத்தில் ஸ்ட்ரீக் அறுந்துவிடக் கூடாது என்று பாஸ்வேர்டையே தோழியிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு சண்டை வந்தால் கணக்கு அவள் கையில். உறவு முறிந்த அன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: பாஸ்வேர்டை மாற்றி மற்ற எல்லா போனிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், வாட்ஸப் செட்டிங்ஸில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைத் திறந்து தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ 1930 என்ற உதவி எண்ணிலோ புகார் செய்யுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

சமாதானத்துக்கு வருவோம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி நெருங்கிய நட்பு உருவாக ஏறத்தாழ 200 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். ஒரே லைன் வீட்டில் வளரும் பிள்ளைகள் அதை எப்போதோ தாண்டியிருப்பார்கள். அதை ஒரு ஸ்டேட்டஸுக்காக விடுவது கணக்குக்கே ஒவ்வாது.

முதலில் குரூப்பில் எதுவும் எழுதாதீர்கள். பார்க்க ஆள் இருந்தால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். அனுப்பியதை அழித்தாலும் ‘நீக்கப்பட்டது’ என்ற வரி நிற்கும், அது சந்தேகத்தைக் கிளப்பும். பிளாக்கும் வேண்டாம். தாங்க முடியவில்லை என்றால் இன்ஸ்டாவில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ போதும்: அவன் மெசேஜ் தனியாக ஒதுங்கும், நீங்கள் படித்தது அவனுக்குத் தெரியாது. ஓரிரு நாளுக்குள் போன் போடுங்கள். ஒற்றை அறை வீட்டில் மனம்விட்டுப் பேச முடியாது, மொட்டை மாடிக்குப் போங்கள். எழுத்தில் ‘போடா’ என்றால் திட்டு, குரலில் அதுவே செல்லம். “ஞாயித்துக்கிழமை என்னை ஏன் கூப்பிடல?” என்று நடந்ததை மட்டும் கேளுங்கள், “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்காதீர்கள். நேரில் பார்க்கும்போது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடச் சேர்ந்து ஏதாவது செய்வது நல்லது. ஒரு கேம் கேரம் போதும், காசிமேடு வரை நடந்தாலும் சரி. பேசி முடித்ததும் இருவரும் தங்கள் போனில் இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டுகளை அங்கேயே அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த சண்டைக்கு அவை சாட்சிக்கு வரும்.

பெற்றோர் செய்கிற வழக்கமான தப்பு, சண்டை நடக்கும்போதே போனைப் பிடுங்குவது. பிள்ளை பாதிப் பேச்சில் காணாமல் போனால் எதிராளி அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வான். மகன் அழுதுகொண்டிருந்தாலும் ஒரு நிமிடம் பொறுங்கள். “அம்மா போனை வாங்கிக்கிறாங்க, நாளைக்கு நேர்ல பேசலாம்” என்று ஒரு வரி அனுப்பச் சொல்லிவிட்டு வாங்கி வையுங்கள். இரண்டு நாளானாலும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.