நம்பர் இல்லாத எஞ்சின்: பழைய கார் வாங்கும் முன் பிளாக்கைப் பாருங்கள்

டெல்டா பக்கம் பழைய கார் ஆசை கூடிக்கொண்டே போகிறது. பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் கிடந்த ஃபியட், வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாறுக்கும் வாடகைக்கு ஓடி ஓய்ந்த அம்பாசடர் என்று தேடி எடுத்து வருகிறார்கள். கும்பகோணத்தில் என் பட்டறைக்கு வரும் இந்த வண்டிகளில் பெயின்ட், சீட், குரோமியம் எல்லாம் பளபளக்கும். பானட்டைத் தூக்கி எஞ்சின் நம்பரைத் தேடினால், சிலவற்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

"நம்பர்தானே அண்ணே, ஆர்.சி.யில இருக்கறத பஞ்ச் அடிச்சுக் குடுத்துடுங்க" என்பார் புரோக்கர். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். நம்பர் இல்லாத பிளாக்குக்கு (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் உடல்) ஆர்.டி.ஓ. ஆபீசில் விளக்கம் சொல்லலாம். வேறு எஞ்சினின் நம்பரை அடித்துவிட்டால் அது ஃபோர்ஜரி. அதற்கு மேல் விளக்கத்துக்கு இடமில்லை.

வெறும் பிளாக் என்றாலே திருட்டு எஞ்சின் என்று பயப்படவும் வேண்டாம். பிளாக் வெடித்துப்போனால் மாற்றுவதற்கென்று நம்பர் அடிக்காத பிளாக்குகள் ஸ்பேராக விற்கப்பட்டன. வாங்கி மாட்டியவர் ஆர்.சி.யில் பதியாமல் அப்படியே ஓட்டியிருக்கலாம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது மேடை, அதாவது நம்பர் அடிப்பதற்காக பிளாக்கில் தட்டையாகச் சீவிய இடம். கம்பெனி மெஷினில் சீவிய பரப்பில் ஒரே சீரான மெல்லிய கோடுகள் தெரியும். கிரைண்டர் வைத்திருந்தால் அந்த இடம் லேசாகக் குழிந்து, கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். சிலர் மேலே எம்-சீல் பூசி பெயின்டும் அடித்துவிடுவார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் "உப்புக்காத்துல அரிச்சிடுச்சு" என்ற சாக்கு தயாராக இருக்கும். துரு மேடு பள்ளமாகத்தான் அரிக்கும். நாலு மூலையும் சமமாக, நம்பர் இருந்த அளவுக்கு மட்டும் அரிக்காது.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் சாதா பிரஷ்ஷும் போதும். வயர் பிரஷ், எமரி தாள் எதுவும் வேண்டாம். பஞ்ச் அடிக்கும்போது அழுத்தம் எழுத்துக்குக் கீழே உள்ள உலோகத்துக்குள்ளும் இறங்குகிறது. அழித்த நம்பரைத் தடயவியல் துறையினர் அமிலம் தடவி மீட்க முடிவதும் அதனால்தான். நாம் தேய்த்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

பிளாக்கின் பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் எண்ணைக் காட்டி "இதோ நம்பர்" என்று சொல்பவர்கள் உண்டு. அது வார்ப்பு எண். ஒரே அச்சில் வார்த்த எல்லாப் பிளாக்குகளிலும் அதுவேதான் இருக்கும். எஞ்சின் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க உதவும், உங்கள் எஞ்சின் எது என்று சொல்லாது. சாக்பீஸால் தேய்த்தால் எழுத்து நன்றாக எழும்பி வரும்.

சரி, குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். முதலில் வந்தது 1476 சிசி சைடு வால்வு எஞ்சின். 1959-ல் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்று பெயர். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் இடப்பக்கம், பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம். மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கில் இரண்டு தகட்டு மூடிகள் தெரியும். தொண்ணூறுகளில் வந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிளாக்குக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்தில் பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடர்களும் உண்டு. பஜாஜ் டெம்போ மெர்சிடிஸ் உரிமத்தில் செய்த 2.4 லிட்டர் டீசல் ஏறியிருந்தால் மவுன்டிங்கில் வெல்டிங், கியர்பாக்ஸ் முகத்தில் அடாப்டர் தகடு, தள்ளி வைத்த ரேடியேட்டர் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். டாப் கவரின் நிறத்தையும் அதிலுள்ள எழுத்தையும் நம்ப வேண்டாம். நாலு நட்டுக்குள் மாறிவிடும் சமாச்சாரம்.

சந்தேகம் தீரவில்லையா, ஹெட்டை இறக்குங்கள். நான் பெரிதும் நம்புவது ஸ்ட்ரோக் அளவை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தை. போர் என்பது சிலிண்டரின் உள் விட்டம்; அதை எத்தனை தடவை கடைந்து பெரிதாக்கினாலும் ஸ்ட்ரோக் மாறாது. பிஸ்டன் கீழே நிற்கும்போது உள்ள ஆழத்தில் இருந்து மேலே நிற்கும் ஆழத்தைக் கழித்தால் போதும். பி-சீரிஸ் 1489-க்கு அது 88.9 மி.மீ., போர் 73.025. ஆனால் இங்கிலாந்தில் வந்த 1622, 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின்களுக்கும் ஸ்ட்ரோக் அதே 88.9தான். அங்கே போர் 76.2, 80.26 என்று மாறும். இசுசுவுக்கு ஸ்ட்ரோக் 82, போர் 84. பிரீமியர் பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 75, போர் 68. போரை சிலிண்டரின் மேல் விளிம்பில், ரிங் உரசாத இடத்தில் அளக்க வேண்டும். 1489-ல் 73.5 பக்கமாக வந்தால் பதற வேண்டாம், 20 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, சுமார் அரை மி.மீ. பெரிய) பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். பிஸ்டன் தலையிலேயே 020 என்று இருக்கும்.

திருத்துறைப்பூண்டியில் இருந்து வந்த ஒரு பழைய மார்க் 2 மாடல் அம்பாசடரில் இப்படித்தான் அளந்து பார்த்தோம். அளவு அத்தனையும் 1489, மேடையில் மெஷின் கோடு கலையவில்லை, நம்பர் மட்டும் இல்லை. மாற்றுப் பிளாக் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் கருத்து ஆவணம் ஆகாது என்பதால், அளவுகளையும் போட்டோக்களையும் எழுத்தில் கொடுத்து, ஆர்.டி.ஓ.வைப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, முன் அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றினால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய உரிமையாளர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

பழங்கால வண்டிகளுக்கான, விஏ எழுத்துள்ள விண்டேஜ் நம்பர் பிளேட் வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மெட்டடார் ஏறிய மார்க் 2-வுக்கு அந்தக் கதவு மூடியது மாதிரிதான். விண்டேஜ் விலை சொல்லி விற்க வருகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்து, பென்சில் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். எஞ்சின் மேடை வெறுமையாக இருந்தாலும் அதையும் அப்படியே பிரிண்ட் எடுங்கள். "எஞ்சின் நம்பர் காணப்படவில்லை" என்று ஒப்பந்தத்தில் எழுதி, விற்பவரிடம் அதற்குக் கீழேயே கையெழுத்து வாங்குங்கள். அவர் தயங்கினால் அட்வான்ஸ் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம்.