நாள் தவறா ஓட்டச் சவாலும் எலும்பின் கணக்கும்

ஒரு நாளும் விடாமல் ஓட வேண்டிய நூறு நாள் ஓட்டச் சவாலின் 63ஆம் நாளில் நொண்டியபடி வந்த ஒருவர், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் நான் விரல் வைத்த இடத்தில் துடித்துக் காலை இழுத்துக்கொண்ட பிறகும், "இன்றைக்கு மட்டும் மெதுவாக ஓடிக்கொள்ளட்டுமா?" என்றுதான் கேட்டார். இயன்முறை மருத்துவராக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு நாள் நின்றால் சேர்த்த வலுவெல்லாம் கரைந்துவிடும் என்ற அச்சமே இதன் வேர். கரையாது. ஓரிரு நாள் ஓய்வில் இதயத்தின் திறனோ தசையின் வலுவோ குறைவதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் முற்றிலும் நிறுத்தினால்தான் அளந்து காட்டும்படி இறக்கம் தெரியும். விடாமல் ஓடிய நாள்களை எண்ணும் செயலியில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புவது உண்மைதான். உடலில் எதுவும் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. மாறாக, ஓட்டத்தால் சுமை கூடும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்துவிட்டுப் பிறகே புதிதாகக் கட்டுகிறது. அரிப்பு சில வாரங்களில் முடிய, கட்டுமானம் மாதக்கணக்கில் நீள்வதால், இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கிறது. மூச்சோ அதற்குள் சீராகி, இன்னும் ஓடலாம் என்று ஆசை காட்டுகிறது. புதியவர்கள் பலரும் நம்பி ஏமாறுவது இந்த மூச்சைத்தான்.

1964 முதல் 2017 வரை 52 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாளும் விடாமல் ஓடிய இங்கிலாந்தின் ரான் ஹில்லை எனக்கு எடுத்துக்காட்டுவோரும் உண்டு. 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற அவர், தொடரைத் தொடங்கும்போதே பல ஆண்டுகள் ஓடிப் பழகியவர். ஒரு மைல் ஓடினாலே அன்றைய நாளைக் கணக்கில் சேர்த்துக்கொண்டவர். அவரும்கூட இதயப் பகுதியில் வலி வந்தபோது தொடரை முடித்துக்கொண்டார்.

முழங்காலுக்குக் கீழுள்ள முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் சுமையைக் குறைப்பதே போதும். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, இரவில் படுத்திருக்கும்போதும் தொடரும் வலி, நடையை மாற்றும் வலி ஆகியவற்றுக்கு அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று துள்ளாதீர்கள்; அழுத்த முறிவு, அதாவது ஓயாத சுமையால் எலும்பில் விழும் நுண்ணிய விரிசல், முதல் சில வாரங்களில் அதில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ படத்தில்தான் தெரியும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் சோதனையை இணையத்தில் பார்த்து வீட்டில் செய்துவிட்டு வருவோரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம்.

வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். காய்ச்சலோடு ஓடவே கூடாது. அப்படி ஓடுவதால் நேரக்கூடிய இதயத் தசை அழற்சி விளையாட்டல்ல. ஓடத் தொடங்கிய பின் மாதவிடாய் வராமல் நின்றுபோன இளம்பெண்கள் அதை உடல் கட்டுக்கோப்பின் அடையாளமாக எண்ணாமல், உண்ணும் உணவு போதவில்லை என்ற எச்சரிக்கையாகக் கொண்டு மருத்துவரை அணுகுங்கள்.

சவால்களை நடத்தும் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், மற்ற நாள்களில் நடை அல்லது ஓய்வு என்று விதியை மாற்றி, ஓய்வெடுத்த நாளுக்கும் பட்டியலில் ஒரு குறி போடுங்கள். 63ஆம் நாளில் வந்தவர் அடுத்த எட்டு வாரமும் ஓடாமல் இருந்தார். அந்தப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'விலகினார்' என்று எழுதியிருந்தார்கள்.